எம்ஓடி சோதனையில் கார் தோற்றுவிட்டால்: பிரிட்டனில் கார் வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

காலையில் காரை எம்ஓடிக்கு, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுந்ததா என்று ஆண்டுதோறும் பார்க்கும் கட்டாயச் சோதனைக்கு, விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். மதியத்துக்கு முன்பே கராஜிலிருந்து அழைப்பு வருகிறது. "ஃபெயில் ஆகிவிட்டது. முன்பக்க ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கிறது, பின்பக்க பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, இன்னும் சில சில்லறை வேலைகள். எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும். செய்துவிடலாமா?" மாலையில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். "சரி, செய்துவிடுங்கள்" என்று சொல்லி அழைப்பைத் துண்டிக்கிறோம். எம்ஓடி விஷயத்தில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி அந்த அரை நிமிடத்தில்தான் கைவிட்டுப் போகிறது என்பது என் எண்ணம்.

அழைப்பு வந்தால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "தோல்வித் தாளை எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை எதையும் கழற்ற வேண்டாம்." இப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கராஜ்காரர் நல்லவராகவே இருந்தாலும் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே போகப்போகப் புரியும்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் சோதனையை அரசே தன் நிலையங்களில் நடத்துகிறது. கார் நான்கு வயதை எட்டும்போதுதான் முதல் சோதனை. அங்கே இருப்பவர்கள் இதைத் தங்களுக்கான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோதனை என்றால் எது, எது இல்லை

இது 1960இல் தொடங்கியபோது பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டுமே இருந்தது. தோற்ற வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து அரசே திகைத்துப்போய், மறு ஆண்டே வரம்பை ஏழு வயதாகக் குறைத்தது. 1967இல் அது மூன்று வயதாயிற்று. இன்றும் அப்படியே. முதல் பதிவிலிருந்து மூன்றாண்டு நிறையும்போது முதல் சோதனை, பிறகு ஆண்டுதோறும்.

சாதாரணக் காருக்கு நிலையம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. பல கராஜ்கள் இதைவிடக் குறைவாகவே வாங்குகின்றன. இருபது, முப்பது பவுண்டுக்குச் சோதனை செய்து தருபவருக்கு அதில் லாபம் கிடையாது. பழுதுபார்க்கும் வேலை வரும் என்ற நம்பிக்கையில்தான் அந்த விலை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வியாபாரம் அப்படி. ஆனால் தோல்வித் தாளையும் விலைப்பட்டியலையும் ஒரே கை எழுதுகிறது என்பதை மறக்கக்கூடாது.

சோதனை செய்பவர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. கண்ணால் பார்ப்பார், கையால் அசைப்பார், கம்பியால் நெம்புவார், பிரேக்கை உருளைகள் மேல் ஏற்றி அளப்பார், புகையை அளப்பார். எஞ்சினின் உள்நிலை, கிளட்ச், கியர்பெட்டி இவற்றை அவர் சோதிப்பதே இல்லை. ஆகவே "எம்ஓடிக்காகக் கிளட்ச் மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் அது வேறு கதை. கிளட்ச் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம், ஆனால் எம்ஓடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 1: தாளைப் படியுங்கள்

தோற்ற வண்டிக்குத் தரும் தாளின் பெயர் விடி30. அதை உங்களுக்குத் தந்தே ஆகவேண்டும். தாள் கைக்கு வரத் தாமதமானாலும் கவலையில்லை. சோதகர் முடிவைக் கணினியில் பதிந்தவுடன், அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் அதே விவரம் இலவசமாகத் தெரியும்.

2018 மே 20 முதல் குறைகள் நான்கு வகையாகப் பிரித்து எழுதப்படுகின்றன. "டேஞ்சரஸ்" என்றால் உடனடி ஆபத்து. "மேஜர்" என்றால் பெருங்குறை. இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் தோல்வி. "மைனர்", "அட்வைசரி" இரண்டும் இருந்தாலும் வண்டி தேர்ச்சி பெறும்; முன்னது சிறுகுறை, பின்னது "இப்போதைக்குச் சரி, கண் வைத்திருங்கள்" என்ற எச்சரிக்கை. தொலைபேசியில் விலை சொல்லும்போது இந்த நான்கும் ஒன்றாகக் கலந்துவிடும். தாளைப் பார்த்தால்தான் எட்டு வேலைகளில் மூன்று மட்டுமே தேர்ச்சிக்குத் தேவை, மற்றவை அட்வைசரி என்பது தெரியவரும்.

ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், 5.2.3 என்பதுபோல. பலரும் இதைக் கவனிப்பதில்லை. சோதகர்கள் பின்பற்றும் கையேட்டின் பிரிவு எண் அது. கையேடு முழுவதும் அரசு இணையதளத்தில் யாரும் படிக்கலாம். முதல் எண் 1 என்றால் பிரேக், 2 ஸ்டீயரிங், 3 ஓட்டுநரின் பார்வை, 4 விளக்குகள், 5 அச்சு, சக்கரம், டயர், சஸ்பென்ஷன், 6 உடற்கட்டு, 7 சீட் பெல்ட் முதலிய மற்றவை, 8 புகை, சத்தம், கசிவு. அந்தப் பிரிவைத் திறந்து பார்த்தால் குறையின் வரையறை, அளவு, வகை எல்லாம் நேராக எழுதியிருக்கும். கராஜில் பேசப்போகும் முன் பத்து நிமிடம் இதற்குச் செலவழித்தால் போதும், பேச்சின் தொனியே மாறிவிடும்.

இடம் குறிக்கும் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். "நியர்சைட்" என்பது நடைபாதைப் பக்கம், அதாவது பிரிட்டனில் இடப்பக்கம். "ஆஃப்சைட்" ஓட்டுநர் அமரும் வலப்பக்கம். பழுது பார்த்த பிறகு எந்தச் சக்கரத்தில் வேலை நடந்தது என்று சரிபார்க்க இது வேண்டும்.

படி 2: காரை ஓட்டிக்கொண்டு வரலாமா?

நண்பர்கள் வட்டத்தில் ஆளுக்கொரு பதில் சொல்வது இதற்குத்தான். "பழைய சான்றிதழ் இருக்கிறதே, ஓட்டலாம்" என்பார் ஒருவர். "தோற்றுவிட்டால் தொடவே கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மை.

பழைய சான்றிதழுக்கு இன்னும் நாள் இருக்கிறது, தாளில் டேஞ்சரஸ் குறை எதுவும் இல்லை என்றால் காரை எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் சாலையில் ஓடும் எந்த வண்டியும் எப்போதும் ஓடத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற பொதுச்சட்டம் தனியே இருக்கிறது. மேஜர் குறை என்று எழுதிக் கையில் கொடுத்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று காவலரிடம் சொல்ல முடியாது. பழுது பார்க்க எடுத்துப்போவது ஒன்று, அதே காரில் வார இறுதிக்குக் குடும்பத்தோடு பர்மிங்காம் போவது வேறொன்று.

பழைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்றால் இரண்டு பயணங்களுக்கு மட்டுமே இடம் உண்டு: தோற்ற குறைகளைச் சரிசெய்யும் இடத்துக்கு, அல்லது முன்பதிவு செய்த சோதனைக்கு. வழியில் கடைக்குப் போனாலும் அது விதிக்குப் புறம்பு. முன்பதிவுக்குச் சான்றாக மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ கைப்பேசியில் வைத்திருங்கள். காவல்துறையின் எண் வாசிக்கும் கேமராக்களுக்கு உங்கள் சான்றிதழ் முடிந்தது தெரியும், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். தெருவில் நிறுத்தி வைப்பதும் கூடாது. வாசலில் சொந்தத் தளம் இல்லாத வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். ஓட்டாமல்தானே வைத்திருக்கிறேன் என்ற வாதம் எடுபடாது.

டேஞ்சரஸ் குறை இருந்தால் பழைய சான்றிதழ் ஆறு மாதம் மீதமிருந்தாலும் ஓட்டக்கூடாது. 2,500 பவுண்டு வரை அபராதம், உரிமத்தில் 3 புள்ளி, உரிமமே பறிபோகவும் இடமுண்டு. நிலையத்தார் உங்கள் காரைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள், சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பொறுப்பு முழுவதும் ஓட்டுபவர் தலையில்.

டேஞ்சரஸ் என்றவுடன் கார் இரண்டாகப் பிளந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தாலே டேஞ்சரஸ்தான். பிரேக் பேட் 1.5 மி.மீ.க்குக் கீழே போனாலும் அப்படியே. இரண்டும் வெகு சாதாரணமாக நடப்பவை. டயர் என்றால் வழி சுலபம்: மாற்றுச் சக்கரம் இருந்தால் அங்கேயே மாட்டலாம், இல்லையென்றால் இருக்குமிடத்துக்கே வண்டியில் வந்து டயர் மாற்றிக் கொடுப்பவரை அழைக்கலாம். பிரேக் பேடும் கார் நிற்கும் இடத்திலேயே மாற்றக்கூடிய வேலைதான், நிலையத்தார் இடம் கொடுத்தால். மற்றவற்றுக்கு இழுவை வண்டி. உங்கள் காப்பீட்டிலோ வங்கிக் கணக்கிலோ வழியுதவிச் சேவை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதற்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே அது இருப்பதை மறந்திருக்கிறார்கள்.

படி 3: குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்

நானே செய்யக்கூடியது, எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியது, நோய் கண்டறிய வேண்டியது. தாளை இப்படிப் பிரித்துக்கொண்டால் செலவு பாதி தெளிந்துவிடும்.

நாமே செய்யக்கூடியவற்றில் முதலிடம் விளக்குகளுக்கு. பிரேக் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, பக்கவாட்டு விளக்கு என எதுவானாலும் பல்பு சில பவுண்டுகள்தான். வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவும் நீர், உடைந்த நம்பர் பிளேட்டும் இந்த வகையே. நம்பர் பிளேட்டை எழுத்து இடைவெளி மாற்றிப் பெயர்போலத் தெரியும்படி செய்துவைத்திருந்தால் அதற்கும் தோல்வி. இணையத்தில் வாங்கிய வெள்ளை எல்இடி பல்பை, ஹாலஜன் பல்புக்காகச் செய்த ஹெட்லைட்டில் மாட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. அதுவும் தோல்விக்குக் காரணம், பழைய பல்பைத் திரும்ப மாட்டினால் சரி. தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளி இருந்தால் அளவு முக்கியம். ஓட்டுநருக்கு நேர்முன்னே, ஸ்டீயரிங் மையத்தை வைத்து அளந்த 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மி.மீ. வரை விடுவார்கள். பழைய வாகன நிறுத்த ஒட்டுத்தாள்களுக்கும் இதே கணக்கு. உள்கண்ணாடியில் தொங்கும் மாலைகளையும் சோதனையன்று எடுத்து வைத்துவிடுங்கள். டாஷ்போர்டில் பிள்ளையார் அடக்கமாக அமர்ந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியவை என்றால் பிரேக் பேட், டிஸ்க், உடைந்த காயில் ஸ்பிரிங், தேய்ந்த புஷ், பால் ஜாயின்ட், ஓட்டை விழுந்த புகைக்குழாய் முதலியவை. குழிவிழுந்த சாலைகளின் உபயத்தால் பிரிட்டனில் ஸ்பிரிங் உடைவது சர்வசாதாரணம். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, அடியில் ஒரு சுற்று மட்டும் முறிந்திருக்கும். ஒன்றை மாற்றும்போது எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். ஸ்பிரிங்குக்கு அது நல்ல யோசனைதான், ஆனால் தேர்ச்சிக்கு உடைந்த பக்கம் மட்டும் போதும். பிரேக் பேட் விஷயத்தில் அப்படிச் செய்யாதீர்கள், ஓர் அச்சின் இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டால் கார் இழுக்கும். இருபக்கப் பிடிப்புக்கும் இடையே 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதற்கே தோல்வி எழுதுவார்கள்.

டயருக்கு ஒரு சொல். பழைய டயர் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும். சட்டப்படி அவற்றில் குறைந்தது 2 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். சட்ட வரம்பான 1.6 மி.மீ.க்கும் அதற்கும் இடையே இருப்பது நகக்கண் அளவு. மழைநாளில் அதை நம்பிப் பிரேக் அடிக்க எனக்கு மனம் வராது. பெரிய நிறுவனப் பெயர் இல்லாத புதிய டயர் வாங்குவது மேல்.

நோய் கண்டறிய வேண்டியவை எச்சரிக்கை விளக்கு, புகை, துரு ஆகிய மூன்றும். பணம் கரைவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எஞ்சின் விளக்கு எரிந்தாலே மேஜர். ஏர்பேக் விளக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏபிஎஸ்ஸின் விளக்கும் அப்படியே. விளக்கு எரிகிறது என்று சொல்வதோடு சோதகர் வேலை முடிந்தது, ஏன் எரிகிறது என்று கண்டுபிடிப்பது சோதனையில் அடங்காது. "சென்சார் மாற்றிப் பார்க்கலாம்" என்று ஆரம்பித்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம், முடிவே இருக்காது. முதலில் காரின் கணினியில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள், அதை எழுதி வாங்குங்கள், பிறகு பேசுங்கள். ஏர்பேக் விளக்குக்கு இருக்கையின் அடியிலுள்ள இணைப்புக் கம்பி தளர்ந்திருப்பது அடிக்கடி காணும் காரணம். இருக்கைக்கு அடியில் பொருட்களைத் திணித்து வைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் கார் புகையில் தோற்றால் உடனே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினோடு வந்து, வெளியே வரிசையில் நின்று, மேலும் குளிர்ந்த நிலையில் சோதிக்கப்பட்ட காரும் தோற்கும். கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தாமல் நேராகச் சோதனைக்குக் கொடுத்தால் சில கார்கள் அப்படியே தேறிவிடுகின்றன. கசியும் புகைக்குழாய், பழுதான ஆக்சிஜன் சென்சார் இவற்றையும் முன்னே பார்த்துவிட்டுத்தான் விலையுயர்ந்த உறுப்புக்கு வர வேண்டும். டீசல் காரில் கரிவடிகட்டி பொருத்தியிருந்தால், புகைக்குழாயில் எந்த நிறப் புகை கண்ணுக்குத் தெரிந்தாலும் மேஜர். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சட்டவிரோதம், அது தெரிந்தாலும் தோல்வி. கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் டீசல் காரில் வடிகட்டி அடைபடுவது இயல்பு. அந்த ஓட்டத்துக்கு அந்தக் காரே பொருந்தாது என்பதையும் யோசிக்க வேண்டும்.

துரு வேறு ரகம். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிது. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள், அந்த உப்பு காரின் அடிவயிற்றை ஆண்டுக்கணக்கில் தின்கிறது. கதவுத் தகட்டில் துரு இருந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் ஆகியவை உடற்கட்டோடு சேரும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு உளுத்திருந்தால் தோல்வி. அதைப் பசைபோட்டு மூடி வண்ணம் அடிக்க முடியாது. நல்ல தகடு வைத்து, விளிம்பு முழுவதும் இடைவிடாமல் வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டத் தொடங்கினால் உளுத்த பகுதி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும். அதனால் துரு வேலைக்கு முதலில் சொல்லும் விலை கடைசி விலையாக இருப்பது அரிது. "இதற்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் தொடாதீர்கள்" என்று ஒரு தொகையைச் சொல்லி வையுங்கள்.

படி 4: எங்கே சரிசெய்வது? மறுசோதனைக் கணக்கு

காரை அதே நிலையத்தில் விட்டு, அங்கேயே பழுதுபார்த்து, 10 வேலைநாட்களுக்குள் மறுசோதனை நடந்தால் கட்டணம் இல்லை. தோற்ற அம்சங்களை மட்டும் பார்ப்பார்கள்.

காரை வெளியே எடுத்துப்போய்ச் சரிசெய்து, அடுத்த வேலைநாள் முடிவதற்குள் அதே நிலையத்துக்குக் கொண்டுவந்தால், சிலவகைக் குறைகளுக்கு மட்டும் இலவசம். விளக்குகள் (ஹெட்லைட் கோணம் நீங்கலாக), டயர், சக்கரம், வைப்பர், முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, ஹாரன், நம்பர் பிளேட், கதவு, இருக்கை, சீட் பெல்ட் முதலியவை அந்தப் பட்டியலில் உண்டு. பிரேக் தேய்மானமும் சஸ்பென்ஷனும் புகையும் இல்லை. ஆக, தாளில் ஒரு டயரும் இரண்டு பல்பும் மட்டும் இருந்தால் வெளியே போய்ச் செய்துகொண்டு மறுநாளே வந்துவிடுங்கள்.

மற்ற குறைகளுக்கும் வெளியே செய்துகொள்ளலாம். 10 வேலைநாட்களுக்குள் அதே நிலையத்துக்கு வந்தால் பகுதிச் சோதனைதான், அதற்கு முழுக் கட்டணத்தில் பாதி வரை கேட்கலாம். பலர் கேட்பதில்லை. பத்து நாள் தாண்டினாலோ வேறு நிலையத்துக்குப் போனாலோ முழுச் சோதனை, முழுக் கட்டணம். ஒரு தோல்விக்கு ஒரு பகுதி மறுசோதனைதான் என்பதால், எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போங்கள்.

இதில் வரும் மிச்சம் அதிகம் போனால் ஐம்பத்தைந்து பவுண்டு. மறுசோதனை இலவசம் என்பதற்காக அங்கேயே பழுதுபார்க்கச் சம்மதித்து, வெளியே செய்வதைவிட இருநூறு பவுண்டு கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கழித்தலை மறக்காமல் போட்டுப் பாருங்கள்.

பழுதுபார்க்கும் தொழிலே செய்யாத நிலையங்களும் உண்டு. உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் குப்பை வண்டிகளுக்கும் வேன்களுக்கும் நடத்தும் சோதனை நிலையங்களில் பல, பொதுமக்களின் காரையும் ஏற்கின்றன. அவர்களுக்கு உங்கள் பிரேக்கை மாற்றி லாபம் பார்க்க வேண்டியதில்லை. கட்டணத்தில் பெரும்பாலும் தள்ளுபடி இருக்காது, கண்டிப்பும் குறையாது. அடுத்த ஆண்டுக்கு உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: விலை பேசுதல்

எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக: உறுப்பின் விலை, உழைப்புக் கூலி, வாட் வரி சேர்த்தா சேர்க்காமலா. அட்வைசரி வேலைகளைத் தனிப்பத்தியில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு இடங்களில் கேளுங்கள்.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற இடங்களில் நம்மவர்கள் பலர் போவது தெரிந்த அண்ணாவின் கராஜுக்கு. அங்கே எழுத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். "தம்பி, உனக்குப் பார்த்துப் போடுகிறேன்" என்பார், தேநீரும் வரும். அவர் நியாயமாகவே போடலாம். ஆனால் இரண்டு மாதத்தில் அதே பிரேக் கத்தினால் கூச்சம் இருபக்கமும் இரட்டிப்பாகும், உறவும் கசக்கும். "அண்ணா, வீட்டில் கணக்கு வைக்க வேண்டும், ஒரு குறுஞ்செய்தியில் போட்டு அனுப்புங்கள்" என்றால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

கழற்றிய பழைய உறுப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சம்மதிக்காத வேலைக்குப் பணம் தரத் தேவையில்லை. சம்மதித்துச் செய்த வேலைக்குப் பணம் தராவிட்டால் கராஜ் காரைப் பிடித்து வைக்க முடியும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களே திரும்பச் செய்து தர வேண்டும். தகராறு முற்றினால் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பை அணுகலாம்.

கொஞ்சம் கூடக் கொடுத்தால் தோற்ற காருக்கும் தேர்ச்சி போட்டுத் தருவதாகச் சொல்பவர்கள் பக்கம் போகாதீர்கள். குற்றம் என்பது ஒருபுறம். உளுத்த பிரேக் குழாய்க்குச் சான்றிதழைப் படிக்கத் தெரியாது.

படி 6: முடிவே தவறு என்று தோன்றினால்

முதலில் சோதகரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் காரை மேலே ஏற்றி விளக்கு அடித்துக் காட்டுவார்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். தீரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். விடி17 என்ற படிவத்தை நிரப்பி, சோதனை நடந்த நாளிலிருந்து 14 வேலைநாட்களுக்குள் டிவிஎஸ்ஏ அமைப்புக்கு அனுப்ப வேண்டும். சோதனை நிலையங்களை மேற்பார்வையிடும் அரசு அமைப்பு அதுதான். 5 நாட்களுக்குள் அவர்கள் தொடர்புகொள்வார்கள். மறுபடியும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் முழுதாகவோ பகுதியாகவோ திரும்பக் கிடைக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு, அதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மேல்முறையீடு செய்வதானால் தகராறுக்குரிய பகுதியில் பழுதுபார்க்கவே கூடாது. பார்த்துவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. தொலைபேசியில் உடனே சம்மதிக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலைகீழான வழக்கும் உண்டு. தோற்றிருக்க வேண்டிய கார் தேறிவிட்டது, அதை நம்பி நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்றால், பெரும்பாலான குறைகளுக்கு 28 நாட்களுக்குள்ளும் துருவுக்கு மூன்று மாதத்துக்குள்ளும் புகார் செய்யலாம்.

படி 7: இந்தக் காருக்கு இத்தனை செலவு தகுமா?

அரசு இணையதளத்தில் காரின் பழைய சோதனைகள் எல்லாம் இருக்கின்றன. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் அட்வைசரிகளை வரிசையாகப் படியுங்கள். டயர், பிரேக் என்று தேய்ந்து மாற்றும் பொருட்களாகவே இருந்தால் அது வயதான காரின் வழக்கமான செலவு, பயப்பட ஒன்றுமில்லை. "அடிப்பகுதியில் துரு" என்று ஆண்டுதோறும் எழுதி, இந்த ஆண்டு அது தோல்வியாக மாறியிருந்தால், இப்போது ஒரு பக்கம் வெல்டிங் செய்தால் அடுத்த ஆண்டு மறுபக்கம் வரும். பழுதுச் செலவைக் காரின் விற்பனை விலையோடு ஒப்பிடுவதை விட, அதே பணத்துக்கு இந்த நிலையில் இன்னொரு கார் கிடைக்குமா என்று கேட்பது சரியான கேள்வி. நன்றாகத் தெரிந்த பழைய காருக்கு அறுநூறு பவுண்டு போடுவது, தெரியாத காரை ஆயிரத்தைநூறுக்கு வாங்குவதைவிட மேலாக இருக்கலாம்.

லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா லண்டன் பெருநகரப் பகுதிகளிலும் யூலெஸ் எனப்படும் தூய காற்று விதி அமலில் இருக்கிறது. அதற்குப் பொருந்தாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. எம்ஓடியில் தேறினாலும் அந்தக் கட்டணம் விடாது. யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழுள்ள டீசல் காருக்கு வெல்டிங் செய்யும் முன் ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால், உரிமம் பெற்ற கழிவு வாகன நிலையத்திடம் கொடுத்து அழிப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவுப் புத்தகத்தின் மஞ்சள் பகுதியை வைத்துக்கொண்டு, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம், அதோடு அந்தக் கார் எங்காவது ஓடினால் கடிதமும் உங்களுக்கே வரும். மீதமுள்ள முழு மாதங்களுக்கான சாலை வரி தானாகத் திரும்பி வரும், காப்பீட்டை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். பழைய இரும்புக்குக் கையில் ரொக்கமாகப் பணம் தருவது சட்டப்படி கூடாது. வங்கி வழியாகத் தர மறுப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். ஆசைப்பட்டு வாங்கிய சிறப்பு எண் இருந்தால் அதை முன்னதாகவே கழற்றிப் பதிந்துகொள்ளுங்கள்.

சில மாதம் கழித்துச் செய்யலாம் என்று நினைத்தால் எஸ்ஓஆர்என் எனப்படும் சாலைக்கு வெளியே வைத்திருக்கும் அறிவிப்பைச் செய்து, சொந்த இடத்தில் நிறுத்தலாம். முன்பதிவு செய்த சோதனைக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

தேறிய பிறகு

புதிய சான்றிதழில் ஓடிய மைல் கணக்கு சரியாக இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்தவுடனே பாருங்கள். எண் தவறிப் பதிந்திருந்தால் விற்கும்போது பெரிய தலைவலி. உடனே சொன்னால் நிலையமே திருத்திவிடும். அட்வைசரிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து, ஆண்டின் நடுவில் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், விலை விசாரித்துச் செய்யுங்கள்.

அடுத்த முறை முடியும் நாளுக்கு ஒரு மாதத்துக்கு ஒருநாள் குறைவாக முன்னதாகவே போகலாம், காலாவதி நாள் மாறாது. அக்டோபர் 20இல் முடிகிறது என்றால் செப்டம்பர் 21இலேயே போய்விடலாம். தோற்றாலும் டேஞ்சரஸ் இல்லாத வரை ஏறக்குறைய நான்கு வாரம் கையில் இருக்கும். அரசு இணையதளத்தில் பதிந்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ ஒரு மாதம் முன்னதாக இலவசமாக நினைவூட்டும்.